நூலக வாயிலில் அரை நிமிடம்

ஒரு பள்ளியின் நூலகப் பாடவேளையைக் கற்பனை செய்துகொள்வோம். பாடவேளை 40 நிமிடம். மாணவர்கள் 40 பேர். வாயிலில் ஒரே ஒரு வருகைப் பதிவேடு. அதனுடன் நூலால் கட்டிய பேனா ஒன்று. பெயர், வகுப்பு, நேரம், கையொப்பம் ஆகியவற்றை எழுத ஒருவருக்கு அரை நிமிடம் பிடிக்கிறது. கடைசி மாணவன் உள்ளே நுழையும்போது 20 நிமிடம் கழிந்துவிடுகிறது. ஒவ்வொருவரும் வாயிலில் செலவிட்ட நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்: 410 நிமிடம்! ஏறத்தாழ 7 மணி நேரப் படிப்பை அந்தப் பேனா விழுங்கிவிடுகிறது.

சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிப்பது பற்றியது. இதற்கு உலகம் கண்ட வழிகள் சிலவற்றைக் காண்போம்.

பேனாவை விடுவித்த சீட்டு

வருகைப் பதிவானாலும் நூல் வழங்கலானாலும் எழும் வினா ஒன்றே: யார், எப்போது? நூல் வழங்கலில்தான் விடை முதலில் கிடைத்தது. அமெரிக்க நூலகர் நினா பிரௌன் 1895-இல் வகுத்த முறையில், ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அட்டை. ஒவ்வொரு வாசகருக்கும் பை போன்ற சிறு சீட்டு. நூலின் அட்டையை வாசகரின் பையில் செருகி, தேதிவாரியாக அடுக்கினால் போதும். பெயரை எழுத வேண்டியதில்லை. ஒரு தடவை எழுதி வைத்ததைப் பல தடவை பயன்படுத்துவது என்ற கருத்து இங்கே உருப்பெற்றது. மின்சாரமே தேவைப்படாத தொழில்நுட்பம் இது!

துளையும் கோடும்

1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித்தின் துளையிட்ட அட்டைகள் பயன்பட்டன. அட்டையில் துளை உள்ள இடத்தில் மின்சாரம் பாயும். இல்லாத இடத்தில் பாயாது. 1936-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தில் ரால்ஃப் பார்க்கர் இத்தகைய அட்டைகளை நூல் வழங்கலுக்குப் பயன்படுத்தினார். எனினும், இதற்கான இயந்திரங்கள் பெரியவை, விலையும் மிகுதி. சிறு பள்ளிகளுக்கு எட்டாதவை.

அடுத்த திருப்பம் ஒரு கடற்கரையில் நிகழ்ந்தது. மளிகைக் கடைகளில் பொருள்களைத் தாமாகவே அடையாளம் காணும் வழியைத் தேடிய ஜோசப் உட்லண்ட், மயாமி கடற்கரை மணலில் மோர்ஸ் தந்திக் குறிகளின் புள்ளிகளையும் கோடுகளையும் வரைந்து, அவற்றை விரல்களால் கீழ்நோக்கி நீட்டினார். தடித்தவையும் மெலிந்தவையுமான கோடுகள் தோன்றின. பட்டைக் குறியீடு பிறந்தது! அவரும் பெர்னார்டு சில்வரும் 1952-இல் காப்புரிமை பெற்றனர். ஆனால், அவர்களுடைய சோதனைக் கருவிக்கு 500 வாட் விளக்கு தேவைப்பட்டது. 1960-இல் லேசர் வந்த பிறகே வழி எளிதாயிற்று. 1974 ஜூன் 26 அன்று ஒஹாயோ மாநிலத்தின் டிராய் நகரக் கடையொன்றில் ஒரு சூயிங்கம் பொதி ஸ்கேனரைக் கடந்தது. 1972-இல் உருவான கோடபார் என்னும் குறியீடு நூலகங்களில் பரவியது.

ஒளி எவ்வாறு படிக்கிறது?

கருங்கோடு ஒளியை உறிஞ்சுகிறது, வெண்மை பிரதிபலிக்கிறது. திரும்பி வரும் ஒளியை உணர்கருவி மின்னழுத்த ஏற்ற இறக்கமாக மாற்றுகிறது. ஒளிப்புள்ளி கோட்டைக் கடக்கும் நேரமே அதன் அகலத்தைக் காட்டுகிறது. வெள்ளைத்தாளில் சிவப்பு மையால் கோடுகள் அச்சிட்டால் என்ன ஆகும்? சிவப்பொளி ஸ்கேனருக்கு மையும் தாளும் ஒன்றாகவே தோன்றும், குறியீடு மறைந்துவிடும். மாணவர்கள் செய்து பார்க்கத்தக்க அருமையான சோதனை இது.

பள்ளிக்கு ஏற்றது 1974-இல் உருவான ‘கோடு 39’. இதில் ஒவ்வோர் எழுத்துக்கும் 5 கோடுகள், அவற்றினிடையே 4 இடைவெளிகள். இந்த 9-இல் 3 அகலமானவை. தொடக்கத்திலும் முடிவிலும் உடுக்குறி இடம்பெற வேண்டும். இல்லையெனில் ஸ்கேனர் படிக்காது. கணிப்பொறியுடன் இணைத்த எளிய ஸ்கேனர், விசைப்பலகையில் யாரோ தட்டியதைப்போலவே எண்ணை அனுப்பும். ஆகவே, சாதாரண அட்டவணை மென்பொருளே பதிவேடாகிவிடும். நேரத்தைக் குறிக்க மட்டும் அதில் சிறு கட்டளை ஒன்றை அமைத்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு 2 விநாடி என்றால், 40 பேரும் 80 விநாடியில் உள்ளே சென்றுவிடலாம். நண்பனின் அட்டையையும் சேர்த்துக் காட்டும் குறும்பனைப் பிடிக்க நூலகரின் கண்தான் வேண்டும்!

மறவாத இயந்திரம்

இங்கு ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பிரௌன் முறையில் நூல் திரும்பியதும் அட்டையும் சீட்டும் பிரிந்துவிடும். யார் எதைப் படித்தார் என்ற தடயம் அவற்றில் எஞ்சாது. கணிப்பொறியோ, நாம் அழிக்கச் சொன்னாலன்றி மறப்பதில்லை. பருவ மாற்றம் பற்றிய நூலைத் தயங்கித் தயங்கித் தேடும் மாணவி, தன் பெயர் எங்கோ பதிவாகிறது என்றறிந்தால் நூலகத்துக்கே வராமல் போகலாம். வாயிலில் வருகையை மட்டும் பதிவோம். மாத முடிவில் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு பெயர்களை நீக்கிவிடுவோம். மாணவரின் நேரத்தைச் சேமிப்பது அவர் படிப்பதற்காகவேயன்றி, அவரைக் கண்காணிப்பதற்காக அன்று.