பத்தாயிரம் அடி, 250 நாட் – ஒரு வேக வரம்பின் வரலாறு

சாலையோரத்தில் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகைகளை எல்லோரும் பார்த்திருப்பார்கள். வானத்திலும் அப்படி ஒரு வேக வரம்பு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது! அமெரிக்க வான்வெளியில் 10,000 அடிக்குக் கீழே பறக்கும் விமானம் பொதுவாக 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 463 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. வேறு பல நாடுகளிலும் இதே அளவுதான்.

வானத்தில் பலகையும் கிடையாது, கோடும் கிடையாது. தான் எங்கே இருக்கிறோம், எந்த எல்லையை நெருங்குகிறோம் என்பதை விமானி மனதில் வைத்திருக்க வேண்டும். அது தவறினால் என்ன ஆகும் என்பதை இரண்டு பெரிய விபத்துகள் காட்டின. அவற்றிலிருந்து பிறந்ததுதான் இந்த விதி.

நியூயார்க், 1960

1960 டிசம்பர் 16, காலை 10.33 மணி. நியூயார்க் நகரின் மேல் மேகம் மூடியிருந்தது. சிகாகோவிலிருந்து வந்த யுனைடெட் ஏர்லைன்ஸின் டி.சி.-8 ஜெட் விமானம் ஐடில்வைல்ட் விமான நிலையத்தில் (இன்றைய ஜான் கென்னடி விமான நிலையம்) இறங்க வேண்டியிருந்தது. அதே நேரத்தில் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் சூப்பர் கான்ஸ்டெல்லேஷன் விமானம் லாகார்டியா விமான நிலையத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

ஜெட் விமானம் 'பிரெஸ்டன்' என்ற இடத்துக்கு வந்ததும், மறு உத்தரவு வரும்வரை அங்கேயே வட்டமிட வேண்டும் என்பது உத்தரவு. பிரெஸ்டன் என்பது ஊர் அல்ல. தரையிலுள்ள ரேடியோ நிலையங்களிலிருந்து வரும் திசைக்கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் ஒரு புள்ளி, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க விமானத்தில் இரண்டு ரேடியோ வாங்கிகள் இருந்தன. அன்று அவற்றில் ஒன்று பழுது. விமானிகள் இதைத் தங்கள் நிறுவனத்துக்குச் சொன்னார்கள். வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்குச் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் கட்டுப்பாட்டாளர் பாதையை மாற்றிக் கொடுத்தார். புதிய வழியில் பிரெஸ்டனுக்கான தூரம் சுமார் 11 மைல் குறைந்துவிட்டது. விமானிகளின் மனக்கணக்கோ பழைய தூரத்திலேயே நின்றுவிட்டது போலத் தெரிகிறது. பிரெஸ்டனை நெருங்கிக்கொண்டிருப்பதாக அவர்கள் ரேடியோவில் சொன்னபோது, விமானம் அதைத் தாண்டிச் சுமார் 11 மைல் போயிருந்தது! அந்த வேகத்தில் இது சுமார் இரண்டு நிமிடப் பயணம்.

அடுத்த சில விநாடிகளில் ஸ்டேட்டன் தீவின் மேல், சுமார் 5,200 அடி உயரத்தில் இரண்டு விமானங்களும் மோதின. அப்போது ஜெட்டின் வேகம் சுமார் 301 நாட். ஒரு விமானம் ஸ்டேட்டன் தீவில் விழுந்தது. மற்றொன்று புரூக்ளினில் மக்கள் வாழும் பார்க் ஸ்லோப் பகுதியில் விழுந்து ஒரு தேவாலயத்தையே தகர்த்தது. விமானங்களில் இருந்த 128 பேரும், தரையில் 6 பேருமாக மொத்தம் 134 பேர் இறந்தனர்.

ஜெட் விமானம் தனக்கு ஒதுக்கப்பட்ட வான்வெளியைத் தாண்டிப் போனதே காரணம் என்று விசாரணை கூறியது. அதிக வேகமும், பாதை மாற்றமும் துணைக் காரணங்கள் எனப்பட்டன. இதன் பிறகு, கருவி பழுதானால் கட்டுப்பாட்டாளருக்குத் தெரிவிப்பது கட்டாயமானது. தூரத்தை நேரடியாகக் காட்டும் கருவி ஜெட் விமானங்களில் வந்தது. இறங்க வேண்டிய விமான நிலையத்திலிருந்து 30 கடல் மைலுக்குள், 10,000 அடிக்குக் கீழே 250 நாட் என்ற வரம்பும் வந்தது.

ஒஹாயோ, 1967

அந்த 30 மைல் வட்டம் போதவில்லை. 1967 மார்ச் 9 அன்று ஒஹாயோ மாநிலத்தின் அர்பானா அருகே, டேட்டன் நகருக்கு இறங்கிக்கொண்டிருந்த டி.டபிள்யூ.ஏ. டி.சி.-9 விமானமும், பீச்கிராஃப்ட் பேரன் என்ற சிறு விமானமும் மோதின. 26 பேரும் இறந்தனர். டி.சி.-9 விமானத்தின் வேகம் 323 நாட்.

வெளியே பார்த்து ஒதுங்கிக்கொள்வதுதான் அங்கே விமானிகளுக்கு இருந்த பாதுகாப்பு. ஆனால் எதிரே ஒரு விமானத்தைக் கண்டு, ஆபத்தை உணர்ந்து, திருப்பி, விமானம் அசைவதற்குள் சுமார் 12.5 விநாடி ஆகும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ. தரும் கணக்கு. 323 நாட் வேகத்தில் அந்த நேரத்துக்குள் விமானம் 2 கி.மீ.க்கு மேல் போய்விடும். 250 நாட் என்றால் சுமார் 1.6 கி.மீ. எதிரே வரும் விமானத்தின் வேகம் தனி! அதே ஆண்டு டிசம்பரில் வேக வரம்பு 10,000 அடிக்குக் கீழுள்ள வான்வெளி முழுவதற்கும் விரிவானது.

வேகம் மட்டும் போதுமா?

போதாது. 1970 முதல், நெரிசல் மிகுந்த விமான நிலையங்களைச் சுற்றி அனுமதியின்றி நுழைய முடியாத தனி வான்வெளிகள் வகுக்கப்பட்டன. தலைகீழாகக் கவிழ்த்த அடுக்குக் கேக் போன்ற வடிவம். அதன் விளிம்புக்குக் கீழே பறந்தால் வரம்பு இன்னும் குறைவு, 200 நாட்தான்.

ஆனால் இந்த எல்லைகளும் கண்ணுக்குத் தெரியாதவையே. 1986 ஆகஸ்ட் 31 அன்று லாஸ் ஏஞ்சலஸ் அருகே செரிடோஸில், அனுமதியின்றி அத்தகைய வான்வெளிக்குள் வந்துவிட்ட சிறு விமானம் ஏரோமெக்ஸிகோ விமானத்தோடு மோதியது. 82 பேர் இறந்தனர். அதன் பிறகே, மோதலை முன்கூட்டி எச்சரிக்கும் 'டிகாஸ்' கருவி பயணிகள் விமானங்களில் கட்டாயமானது.

இன்று கணினித் திரையே விமானம் இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. ஆனாலும், தானியங்கிக் கருவி பறக்க வைத்தாலும், 10,000 அடியை நெருங்கும்போது விமானிகள் வேகத்தைச் சரிபார்க்கிறார்கள். அதற்குக் கீழே தேவையற்ற பேச்சுக்கும் இடமில்லை. 1981 முதல் அதுவும் அமெரிக்காவில் விதி.

விமானியின் மனம் எப்போதும் விமானத்துக்கு முன்னால் போக வேண்டும். 1960இல் அது 11 மைல் பின்தங்கியது. வேகத்தைக் குறைப்பது என்பது, மனம் முந்திக்கொள்ள அவகாசம் கொடுப்பதுதான். ஜன்னலோர இருக்கையில் இருப்பவர், தரை தெரிந்தும் விமானம் ஏன் இத்தனை மெதுவாகப் போகிறது என்று சலித்துக்கொள்ளலாம். அந்தச் சில நிமிடத் தாமதத்துக்கு 160 பேர் விலை கொடுத்திருக்கிறார்கள்.