தட்டச்சுப் பொறி கொண்டுவந்த தமிழர்கள்

"டைப்பும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் பண்ணிட்டியா? அப்ப பம்பாய்க்கு ரயில் ஏறிடு!" ஒரு காலத்தில் தஞ்சை, திருநெல்வேலி, பாலக்காடு வீடுகளில் அடிக்கடி கேட்ட பேச்சு இது. மும்பைத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் மாட்டுங்காவின் கோயில்களையும் பள்ளிகளையும் சங்கங்களையும் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். அவற்றுக்குச் சந்தா கொடுக்கப் பலருக்கும் வழிசெய்த ஓர் இயந்திரத்தை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

நம்மவர் எல்லோரும் அதன் மூலம் வந்தவர்கள் அல்லர். தோல் பதனிடும் தொழிலோடு தாராவிக்கு வந்தவர்களின் வரலாறு வேறு. அது தனியே எழுதப்பட வேண்டியது. இக்கட்டுரை அலுவலகத் தமிழர்களைப் பற்றியது.

ஐசக் பிட்மன் தம் சுருக்கெழுத்து முறையை 1837இல் வெளியிட்டார். ஷோல்ஸ் உருவாக்கிய தட்டச்சுப் பொறியை ரெமிங்டன் நிறுவனம் 1874இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டும் கைகோத்தபோது அலுவலகத்தின் முகமே மாறிற்று. அதுவரை நல்ல கையெழுத்துள்ள குமாஸ்தா உட்கார்ந்து நகலெடுத்தார். பிறகு, துரை சொல்லச் சொல்லக் கோடும் புள்ளியுமாகக் குறித்துக்கொண்டு, கார்பன் தாள் செருகி, ஒரே அடியில் மூன்று நான்கு படிகள் எடுப்பவர் வந்தார். அவர்தான் ஸ்டெனோ.

இந்த வேலைக்கு நிலம் வேண்டாம், முதல் வேண்டாம். ஊர் இன்ஸ்டிடியூட்டில் தினம் ஒரு மணி நேரம் 'ஏ எஸ் டி எஃப்' என்று விரல் பழக்கினால் போதும். அரசுத் தேர்வில் நிமிடத்துக்கு 30 சொல் அடித்தால் லோயர், 45 என்றால் ஹையர். சுருக்கெழுத்தில் 80, 120. அந்தச் சான்றிதழோடு தாதரில் இறங்கியவருக்கு மராத்தி தெரியாவிட்டாலும் கோட்டைப் பகுதி அலுவலகங்களில் நாற்காலி கிடைத்தது. பல வீடுகளில் முதன்முதலாகப் பெண்கள் சம்பளம் வாங்கியதும் இந்தப் பொறியால்தான்.

அந்த நாற்காலி உரசலையும் கொண்டுவந்தது. 1966இல் சிவசேனை தோன்றியபோது, தென்னிந்தியர்கள் அலுவலக வேலைகளைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதே அதன் பெரிய குற்றச்சாட்டு. நாம் அஞ்சியது உண்மை. உள்ளூர் இளைஞருக்கும் அதே வேலை தேவைப்பட்டது என்பதும் உண்மை.

1955இல் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே தட்டச்சுப் பொறி செய்யத் தொடங்கியது. 1983இல் வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் இயந்திரமயமாக்கலுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டபோதே காற்று திசைமாறிவிட்டது. கணிப்பொறி வந்தது, அதிகாரிகள் தாங்களே கடிதம் அடிக்கக் கற்றார்கள். 2009இல் கோத்ரெஜ் அந்தத் தயாரிப்பை நிறுத்தியது. இன்று கணிப்பொறியின் எழுத்து வரிசையும், மின்னஞ்சலில் கார்பன் படியைக் குறிக்கும் 'சி.சி.'யும் மிச்சம்.

என் பெரியப்பா 32 ஆண்டுகள் ஸ்டெனோவாக இருந்தவர். எத்தனையோ பேருடைய கடிதங்களை அடித்தார். தம்மைப் பற்றி ஒரு பக்கம்கூட அடித்ததாகத் தெரியவில்லை. அவர் மறைந்த பின் டிரங்குப் பெட்டியில் நான்கு நோட்டுகள் கிடைத்தன. முழுக்கச் சுருக்கெழுத்து. கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் அவர் மகன் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா என்ன எழுதியிருக்கார்னே புரியலையே" என்றான். ஆபீஸ் கடிதமோ, வீட்டுக் கணக்கோ, மனசில் இருந்ததோ, எங்களில் ஒருவருக்கும் படிக்கத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட நோட்டுகள் இன்னும் பல வீட்டுப் பரண்களில் இருக்கும். அவற்றைப் படிக்கக்கூடிய பெரியவர்கள் சிலர் நம் சங்கத்தில் இன்றும் இருக்கிறார்கள். பழைய காகிதம் என்று எடைக்குப் போடுமுன் அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர்கள் வாசித்துச் சொல்ல, இந்த முறை நம் பிள்ளைகள் தட்டச்சு செய்யட்டும்.