மகாகஸ்தோட்டை முடக்குகளும் பத்துக்குப் பன்னிரண்டு அறையும்

நுவரெலியாவை அடுத்துள்ள மகாகஸ்தோட்டை தேயிலைத் தோட்டத்து வீதியில் மோட்டார் வாகன மலையேற்றப் போட்டி முதன்முதலாக 1934ஆம் ஆண்டு நடத்தப்பட்டது. இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வால்ஷ் மலைச்சரிவில் 1905இல் தொடங்கிய போட்டி போன்றவற்றின் வழித்தோன்றல் இது. கார்கள் ஒன்றையொன்று முந்துவதில்லை. ஒவ்வொன்றாகப் புறப்பட்டு, கொண்டை ஊசி முடக்குகளைக் கடந்து உச்சியை அடைய வேண்டும். போட்டி கடிகாரத்தோடுதான். ஏப்ரல் வசந்த காலத்தில் மலையேறி வந்த கொழும்புச் சீமான்களுக்கும் தோட்டத்துத் துரைமார்களுக்கும் குதிரைப் பந்தயத்தோடு இதுவும் ஒரு களியாட்டமாயிற்று.

இப்போட்டிகளின் வரலாறு எழுதப்படும்போதெல்லாம் கார்களின் பெயரும் ஓட்டியவரின் பெயரும் இடம்பெறும். வீதியை வெட்டியவர் யார் என்பது இடம்பெறாது. மத்திய மலைநாட்டின் பாதைகள் பல தென்னிந்தியத் தொழிலாளரின் உழைப்பில் எழுந்தவை. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட பின்னரும், ரயில் 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய பின்னரும், தோட்டத்துக்குள் செல்லும் ஒவ்வொரு வளைவையும் மண்வெட்டியும் அலவாங்கும் கொண்டு அமைத்தவர்கள் லயத்து மக்களே. போட்டி நாளில் அவர்கள் தேயிலைச் செடிகளுக்கிடையே நின்று வேடிக்கை பார்த்தார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின், நின்றவர்களுள் பெரும்பாலோர் நாடற்றவர்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அந்தக் கணக்கு முற்றாகத் தீரவில்லை.

இப்போது அந்தச் சுக்கானுக்குப் போலியொன்று வீட்டுக்குள் வந்துவிட்டது. போலி என்று இகழ்வதற்கில்லை. 1929இல் அமெரிக்கரான எட்வின் லிங்க் அமைத்த விமானப் பயிற்சிப் பெட்டியும் போலிதான். இரண்டாம் உலகப் போரின் விமானிகள் அதில்தான் பயின்றார்கள். காரோட்டப் பந்தயத்தில் 1974இல் அட்டாரி நிறுவனத்தின் 'கிரான் டிராக் 10' காசு போட்டு ஆடும் பொறியாக வந்தது. 1997இல் ஜப்பானிலிருந்து வந்த 'கிரான் டூரிஸ்மோ', இரண்டாண்டுகளில் தன் இரண்டாம் பதிப்பில் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றத்தையும் சேர்த்துக்கொண்டது. அதே விளையாட்டில் தேறியவர்களை மெய்யான காரில் அமர்த்தும் திட்டம் 2008இல் தொடங்கியது. அதில் 2011இல் தேர்வான ஜான் மார்டன்பரோ என்ற பிரித்தானிய இளைஞர் பின்னர் லெ மான் பந்தயத்திலேயே ஓடினார். 2020 மார்ச்சில் கொரோனா பந்தயத் திடல்களை மூடியபோது பார்முலா ஒன் அமைப்பே திரையில் பந்தயம் நடத்தியது.

ஆகவே, லயத்து இளைஞன் ஒருவன் வீட்டில் சிமுலேட்டர் அமைக்க விரும்பினால் தடை என்ன? திட்டமிடும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அறையின் நீள அகலத்தைக் கொடுத்தால் இருக்கை, சட்டம், திரை ஆகியவற்றை வரைந்து காட்டும் மென்பொருள்கள் உள்ளன. திரையின் அளவையும் கண்ணுக்கும் திரைக்குமான தூரத்தையும் கொடுத்தால் பார்வைக்கோணத்தைச் சொல்லும் கணிப்பான்கள் உள்ளன.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். லயன் அறை என்றால் மலையகத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி என்பது வழக்கு. 120 சதுர அடி. அதற்குள் ஒரு குடும்பம். இருக்கையும் மிதிகளும் சுக்கானும் தாங்கும் சட்டத்துக்கு ஐந்தடி நீளம், இரண்டடி அகலம் வேண்டும். மூன்று திரைகளைச் சாய்த்து வைத்து, ஏறி இறங்க இடமும் விட்டால் ஏறத்தாழ 30 சதுர அடி. வீட்டின் காற்பங்கு! திட்டமிடும் மென்பொருளில் கட்டிலை நகர்த்தலாம்; லயத்தில் கட்டிலை எங்கே நகர்த்துவது?

ஒற்றைத் திரை போதாதா என்று கேட்கலாம். மலையேற்றத்தில் பக்கத்தில் வேறு கார் வருவதில்லை என்பதால் பெருமளவுக்குப் போதும். ஆனால் 27 அங்குலத் திரையின் அகலம் சுமார் 60 செ.மீ. அதை 70 செ.மீ. தூரத்தில் வைத்தால் கிடைக்கும் பார்வைக்கோணம் 46 பாகை. 50 செ.மீ.க்கு இழுத்தால் 62 பாகை. கொண்டை ஊசி முடக்கில் ஓட்டுநரின் கண் பாதையின் உட்புறத்தைத் தேடிப் பக்கவாட்டில் திரும்பும். அந்த இடம் திரையிலேயே இராது. கோணத்தைப் பொய்யாகக் கூட்டலாம். கூட்டினால் தூரமும் வேகமும் பிறழ்ந்து தெரியும். சுக்கான் மேசையில், திரை சுவரில், இருக்கை மடக்கு நாற்காலி என்ற சிக்கன ஏற்பாட்டுக்கும் வழியுண்டு. பிரேக்கை ஓங்கி மிதித்ததும் நாற்காலி பின்னோக்கி நகரும் என்பதை மட்டும் எந்தக் கணிப்பானும் எச்சரிப்பதில்லை.

விலை தனிக்கதை. லாஜிடெக்கின் ஜி29 சுக்கான் 2015இல் அமெரிக்காவில் 400 டாலருக்கு அறிமுகமாயிற்று. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் நீண்ட போராட்டத்தின் பின் 1000 ரூபாயானது 2021 மார்ச்சில். அன்றைய நாணய மாற்றில், வரியும் கப்பற்கூலியும் தவிர்த்தே, 80 நாட்கூலி. கணினியும் திரையும் இதில் சேரவில்லை. துரையின் காருக்கும் இதற்கும் இடைவெளி குறைந்திருப்பது உண்மை. கதவு திறந்துவிட்டது என்று கொண்டாடுவோரின் பேச்சில் எனக்கு நம்பிக்கையில்லை. பாடசாலையிலோ சனசமூக நிலையத்திலோ பொதுவாக ஒன்று வைப்பதே நடக்கக்கூடிய காரியம். மேற்சொன்ன கருவிகள் அந்த மண்டபத்தை அளக்கவும் உதவும்.

அதில் எந்தப் பாதையை ஓட்டுவது? பெரிய நிறுவனங்கள் உலகின் புகழ்பெற்ற திடல்களை லேசர் கருவியால் அங்குலம் அங்குலமாக அளந்து திரைக்குக் கொண்டுவந்துள்ளன. அசெட்டோ கோர்சா போன்ற விளையாட்டுகளில் ஆர்வலர்கள் தாமே பாதை வரைந்து சேர்க்கலாம். இதற்கு உதவும் உயரத் தரவுகள், 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் 'எண்டெவர்' விண்ணோடம் பதினொரு நாளில் சேகரித்தவை, இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் புள்ளிக்குப் புள்ளி இடைவெளி ஏறத்தாழ 30 மீட்டர். மலையின் வடிவம் அதில் வரும். தோட்டத்து வீதியின் சாய்வு, ஓரத்துக் கான், முடக்கில் பெயர்ந்த தார், மழைநாளில் குறுக்கே ஓடும் நீர் எதுவும் வராது. அவற்றை நாள்தோறும் அவ்வழி நடப்பவர்தாம் சொல்ல முடியும்.

என்னைக் கேட்டால், முதலில் வரையப்பட வேண்டியது மகாகஸ்தோட்டையன்று. மலையேற்றப் போட்டிக்குப் பெயர்போன ரதல்லைப் பகுதியிலேயே நானுஓயாவிலிருந்து இறங்கும் குறுக்கு வீதி இருக்கிறது. 2023 ஜனவரி 20ஆம் நாள், கொழும்பிலிருந்து மாணவரை ஏற்றிவந்த பஸ் அதில் இறங்குகையில் வேனொன்றுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியது. உயிரிழந்த எழுவரும் அவ்விரு சிறு வாகனங்களில் இருந்தவர்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே நம்பினால் அது சூடேறித் தளரும். முன்கூட்டியே கீழ்க் கியருக்கு வந்து எஞ்சினாலேயே வண்டியை அடக்க வேண்டும். மலையில் ஓட்டிப் பழகியவருக்கு இது பாலபாடம். சமவெளியிலிருந்து முதன்முறை வரும் பஸ் ஓட்டுநருக்கு அதைக் கற்றுத்தர அந்த வீதியைத் தவிர வேறு இடமில்லை. சுக்கானும் மூன்று மிதிகளும் ஒரு கியர்த் தண்டும் கொண்ட சிமுலேட்டரில், பிரேக்கின் வெப்பத்தைக் கணிக்கும் மென்பொருளோடு, ரதல்லை இறக்கத்தை நூறுமுறை தவறாக ஓட்டிப் பார்க்கலாம். கைத்தொலைபேசியும் அளவு நாடாவும் கொண்டு அவ்வீதியை அளக்க, பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பத்து இளைஞர்கள் போதும்.