எட்டு ஆண்டு முற்றுகையும் ராஜகிரியின் சுனைகளும்
(செஞ்சி நடைப்பயணத்துக்கு முன் ஒரு வரலாற்றுக் குறிப்பு)

மோட்டார் பழுதாகி ஒரு நாள் தண்ணீர் வராவிட்டால் நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழு என்ன பாடு படும் என்பது உங்களுக்குத் தெரியும். காலை ஆறு மணிக்கே "லாரி எப்ப வரும்?" என்று ஆரம்பித்துவிடும். லாரியும் மோட்டாரும் இல்லாத காலத்தில், எதிரிப் படை சுற்றி நிற்க, எட்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்த ஒரு கோட்டை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் செஞ்சி. நடைப்பயணத்துக்கு வரும்போது ஒரே ஒரு கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள்: இத்தனை பேருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

நம்மில் பலருக்குச் செஞ்சி என்பது மேல்மலையனூர் போகிற வழியில் வரும் ஊர். அமாவாசை இரவில் அங்காளம்மனின் ஊஞ்சல் உற்சவம் பார்க்கப் போகிறவர்கள், திண்டிவனத்திலிருந்து வரும்போது இருபுறமும் பாறைக் குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாலையே கோட்டையை ஊடுருவித்தான் போகிறது. ஒரு பக்கம் கிருஷ்ணகிரி, மறுபக்கம் ராஜகிரி, சற்றுத் தள்ளிச் சந்திரகிரி. இந்த மூன்று குன்றுகளையும் இணைத்து ஓடும் மதில் சுமார் 13 கிலோமீட்டர் நீளம். அதற்குள் அடங்கிய நிலத்தின் பெரும்பகுதி இன்று முட்புதரும் பாறையுமான காடுதான்.

யார் கட்டியது?

இதற்கு ஒரே பெயரைச் சொல்ல முடியாது. மரபுக் கதைகளின்படி, 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆனந்தக் கோன் என்ற ஆயர் தலைவர் ராஜகிரியில் முதல் அரணைக் கட்டினார். அவர் வழிவந்த கிருஷ்ணக் கோன் பெயரில்தான் கிருஷ்ணகிரி. ஆடு மாடு மேய்ப்பவர்களுக்கு எந்தப் பாறையில் சுனை ஊறும், எந்தப் பள்ளத்தில் கோடையிலும் நீர் நிற்கும் என்பது அத்துப்படி. கதையின் ஒவ்வொரு வரியையும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவருக்குத் தண்ணீர் தெரிந்திருந்தது என்பதை மலை ஏறும்போது நீங்களே உணர்வீர்கள்.

பின்னர் விஜயநகரப் பேரரசின் கீழ் நாயக்கர்கள் ஆண்டார்கள். நீங்கள் இன்று பார்க்கும் மண்டபங்களும் களஞ்சியங்களும் கோயில்களும் பெரும்பாலும் அவர்கள் காலத்தவை. 1597இல் இங்கு வந்த பிமென்டா என்ற சேசு சபைப் பாதிரியார், லிஸ்பனை விட்டால் போர்ச்சுகல்லில் இவ்வளவு பெரிய நகரம் கிடையாது என்ற பொருளில் எழுதினார். அவரை வரவேற்றவர் கிருஷ்ணப்ப நாயக்கர். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் கோட்டை பீஜப்பூர் சுல்தானியத்தின் கைக்குப் போனது. 1677இல் சிவாஜி அதைப் பிடித்து, மதில்களையும் அகழிகளையும் வலுப்படுத்தினார். பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த வேலை அவருடைய மகனுக்கே பயன்பட்டது.

அந்த எட்டு ஆண்டுகள்

1689இல் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றதும், தம்பி ராஜாராம் மகாராஷ்டிரத்திலிருந்து தப்பி இங்கே வந்து சேர்ந்தார். மராட்டிய அரசின் தலைநகரமே செஞ்சியானது. அடுத்த ஆண்டு சுல்ஃபிகர் கான் தலைமையில் முகலாயப் படை வந்து இறங்கியது. முற்றுகை 1698 வரை நீடித்தது.

எட்டு ஆண்டும் இறுக்கமான முற்றுகை அல்ல. இத்தனை நீளமான மதிலை முழுமையாகச் சூழ முகலாயரிடம் ஆள் போதவில்லை. 1692ஆம் ஆண்டின் இறுதியில் சந்தாஜி கோர்ப்படே, தனாஜி ஜாதவ் என்ற இரு மராட்டியத் தளபதிகள் வந்து முகலாயரின் உணவு வரும் வழிகளை அடைத்தார்கள். முற்றுகையிட்டவர்களே பட்டினி கிடந்து, வந்தவாசி வரை பின்வாங்க வேண்டியதாயிற்று. கோட்டைக்குள்ளே நெல்லும் தண்ணீரும் இருந்தன, வெளியே கூடாரத்தில் இருந்தவர்களுக்குத்தான் பஞ்சம். பிறகு அவர்கள் திரும்பி வந்தார்கள். ராஜாராம் வேலூருக்குத் தப்பிய பின், 1698இன் தொடக்கத்தில்தான் கோட்டை விழுந்தது.

எங்கே பார்க்க வேண்டும்?

கீழ்க்கோட்டையில் முதலில் உங்கள் கண்ணில் படுவது கல்யாண மகால். நடுவில் சதுரமான முற்றம், அதன் ஒரு பக்கத்தில் அடுக்கடுக்காக உயர்ந்து கூம்பி நிற்கும் கோபுரம். எல்லோரும் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்வோம். எடுத்த பிறகு ஒரு நிமிடம் யோசியுங்கள். வெளியே உள்ள நீர்த்தேக்கத்திலிருந்து மண்குழாய்கள் வழியாக இந்தக் கோபுரத்தின் மேல் தளங்களுக்குத் தண்ணீர் வந்ததாகப் பழைய மாவட்டக் குறிப்புகள் சொல்கின்றன. மூலம் உயரத்தில் இருந்தால், மூடிய குழாயில் நீர் தானே அந்த மட்டம் வரை ஏறும். நம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து உங்கள் குளியலறைக்கு நீர் வருவதும் அதே விதியால்தான்.

பக்கத்தில் ஆனைக்குளம், பெரிய நெற்களஞ்சியங்கள், குதிரை லாயங்கள். சற்று நடந்தால் சக்கரக்குளமும் செட்டிக்குளமும். இந்தக் குளங்களின் கரையில் நின்று மலையை நிமிர்ந்து பாருங்கள். முழுக்க வழுக்குப் பாறை. பெய்யும் மழையில் மிகக் கொஞ்சம்தான் பாறைக்குள் இறங்கும், மீதி எல்லாம் வழிந்து ஓடிவரும். அந்த ஓட்டம் சேரும் இடத்தில் குளம் வெட்டியிருக்கிறார்கள். மலையே கூரை, குளமே தொட்டி.

சக்கரக்குளத்துக்கு அருகில் ஒரு பெரும் பாறையின் மேல் வட்டமான சுவர் தெரியும். கைதிகள் கிணறு என்பார்கள். உள்ளே இயற்கையான பள்ளம்; மரண தண்டனை பெற்றவர்களை அதில் தள்ளிப் பட்டினியில் விட்டதாகச் சொல்லப்படுகிறது. தண்ணீரை இவ்வளவு அக்கறையாகச் சேர்த்த அதே கோட்டையில், தண்ணீர் தராமல் கொல்வதற்கும் ஒரு கிணறு இருந்தது. குழந்தைகளோடு வருபவர்கள் இதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி ராஜகிரி ஏற்றம். சுமார் 800 அடி உயரம். வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயிலில் சற்று உட்காரலாம். உச்சிக்குச் சற்று முன்பு, ஒரு ஆழமான பிளவு குறுக்கே வரும். ஏறத்தாழ 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதைக் கடக்க ஒரு சிறு பாலம் மட்டுமே. அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் ஒரு சில வீரர்களே ஒரு படையைத் தடுத்துவிடலாம். ஆனால் மேலே தண்ணீர் இல்லை என்றால் அந்தச் சில வீரர்கள் எத்தனை நாள் இருப்பார்கள்? அதற்கான விடை பாலத்துக்குக் கீழே மழைநீர் தேக்க அமைத்த தொட்டிகளிலும், மேலே ஊறும் இரண்டு நன்னீர்ச் சுனைகளிலும் இருக்கிறது. உச்சியில் ரங்கநாதர் கோயில், களஞ்சியம், மணிக்கூண்டு, ஒரு பெரிய பீரங்கி எல்லாம் உண்டு. நீங்கள் சுனையை முதலில் பாருங்கள்.

தேசிங்கு ராஜா எங்கே?

இவ்வளவு நேரம் அவர் பெயரை எடுக்கவில்லையே என்று கேட்பீர்கள். தேசிங்கு செஞ்சியை ஆண்டது ஓராண்டுகூட இல்லை. முகலாயர் நியமித்த கோட்டைத் தலைவர் சொரூப் சிங்கின் மகன். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குப் பணிய மறுத்து, 1714 அக்டோபரில் போரில் இறந்தார். வயது இருபத்திரண்டு என்பார்கள். உடன் இறந்தவர் உயிர் நண்பர் மொகபத்கான். தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினார். அவர் நினைவாகத்தான் ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர். தேசிங்கைத் தகனம் செய்த இடம் என்று செட்டிக்குளக் கரையில் ஒரு மேடையைக் காட்டுவார்கள். கதைப்பாடலும் தெருக்கூத்தும் அவரை மறக்கவிடவில்லை, அது நியாயமும்கூட. ஆனால் அந்தக் குளத்து நீரைக் குடித்து எட்டு ஆண்டுகள் காவல் நின்றவர்களுக்கும், வெட்டியவர்களுக்கும், தூர் வாரியவர்களுக்கும் பாட்டு இல்லை.

தண்ணீர் மட்டும் போதுமா?

போதாது. அதே கோட்டையை 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்தது. சுனை வற்றவில்லை, குளம் வறளவில்லை, காவல்தான் தளர்ந்திருந்தது. பிடித்த பிரெஞ்சுக்காரர்களும் நிம்மதியாக இல்லை. அடுத்த பத்து ஆண்டுகளில் நோயால் ஏராளமான வீரர்களை இழந்தார்கள். 1761 ஏப்ரலில் ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது, செஞ்சி உடல்நலத்துக்கு ஆகாத ஊர் என்ற பெயரை வாங்கியிருந்தது. பிறகு படைகள் போய்விட்டன, காடு வந்துவிட்டது. வெங்கடரமணர் கோயிலின் தூண்கள் சில புதுச்சேரிக் கடற்கரையில், காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. அடுத்த முறை அங்கே போகும்போது தொட்டுப் பாருங்கள்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியப் போர்க்கலை நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. மீதி ஒன்று நம் செஞ்சி. பெருமைதான். ஆனால் பலகையில் ஒரு பெயர் இருப்பதால் மற்றவர்களை விட்டுவிட வேண்டாம். கோன், நாயக்கர், சுல்தான், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர் என்று வந்த அத்தனை பேரும், ஒருவர் வெட்டிய குளத்தில் இன்னொருவர் குடித்தவர்கள்தான்.

வருபவர்களுக்கு

வெயில் ஏறுமுன் மலை ஏறத் தொடங்க வேண்டும். பிற்பகலுக்குப் பின் ராஜகிரி ஏற விடமாட்டார்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, நல்ல பிடிப்புள்ள செருப்பு. குரங்குகள் அதிகம், தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டாம். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கீழ்க்கோட்டையோடு நின்றுகொள்ளலாம், குளங்கள் அங்கேதான் இருக்கின்றன. அமாவாசை நாளில் மேல்மலையனூர்க் கூட்டத்தால் சாலையும் பேருந்துகளும் நிரம்பி வழியும். அங்காளம்மனைத் தரிசிக்க விரும்புவோர் அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் போக வேண்டும். வேறொரு நாளில் போனால் நிதானமாகப் பார்க்கலாம்.

கிளம்பும் முன் ஒரு சிறு வேலை. நம் பி பிளாக் பின்னால் உள்ள மழைநீர் சேகரிப்புக் குழியின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே மணலும் பிளாஸ்டிக் பையும் அடைத்திருந்தால், செஞ்சியிலிருந்து திரும்பி வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமையன்று எல்லோரும் சேர்ந்து அதைத் தூர் வாரிவிடலாம்.