ரமாமணியும் மனோரமாவும்

மனோரமாவைப் பற்றிப் பேசுவோர் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் என்று எண்ணிக்கையைச் சொல்லி நின்றுவிடுகின்றனர். அஃது எனக்கு உவப்பாயில்லை.

1937இல் மன்னார்குடியில் பிறந்து, பள்ளத்தூரில் வளர்ந்து, நாடகமேடை ஏறிய கோபிசாந்தாவே பின்னாளைய மனோரமா. மேடையில் நாயகியாக விளங்கியவருக்குக் கண்ணதாசன் தமது 'மாலையிட்ட மங்கை'யில் (1958) அளித்தது நகைச்சுவை வேடம். 'கொஞ்சும் குமரி'யில் (1963) நாயகியானார். ஆயினும் திரையுலகம் அவரைத் துணைப் பாத்திரங்களுக்கே மீண்டும் அழைத்தது.

1968இல் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பா'ளில் அவர் நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணி. நாதசுரத்தைப் பற்றி அவள் வெகுளியாய் வினவும்போது அரங்கம் முழுதும் சிரிக்கும். அந்த ஓயாத பேச்சினூடே, ஊர் ஊராய்த் திரிந்து பிழைக்கும் கலைஞியின் தனிமையும் மெல்லத் தெரியும். சிரிப்பு தானே தணியும். வகுப்பறையிலேயே காலத்தைக் கழித்தவன் நான். சிரிக்கும் கூட்டத்தை அதட்டாமல் அடக்குவது எத்துணை அரிது என்பதை அறிவேன்! மேடை நடிகையரின் வாழ்வை எழுதிவைத்த ஏடுகள் நம்மிடம் மிகச் சில. ரமாமணி அவற்றுள் ஒன்று என்பேன்.

பின்னர்த் தொலைக்காட்சித் தொடர்களிலும் அவர் நடித்தார். 'புதிய பாதை' (1989) அவருக்குத் தேசிய விருது பெற்றுத் தந்தது. அதுவும் துணை நடிகைக்குரியதே. 2015இல் மறைந்தார். ரமாமணி திரைக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்று.