மொழிபெயர்ப்பாளர் வீட்டுப் பெண்கள்

எனக்குப் பிடிச்ச தெலாக்றுவா படம் பாரிசில் இல்லை, நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சின்ன நீர்வர்ணத் தாள்.

1832 இல் அவர் பிரெஞ்சுத் தூதுவர் மோர்னேயோடு மொறோக்கோவுக்குப் போனார். அல்ஜியேர்சைப் பிரெஞ்சுப் படை பிடித்து இரண்டு வருசம்கூட ஆகவில்லை. தஞ்சியரில் முஸ்லிம் பெண்களைக் கீறுவது லேசான காரியமில்லை. தூதுக்குழுவின் மொழிபெயர்ப்பாளரான யூதர் ஆபிரகாம் பென்சிமோல்தான் தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். அவருடைய மனைவி சாதா, மகள் பிரெசியாதா: இருவரும் பெயரோடு அந்தத் தாளில் நிற்கிறார்கள். மோர்னேக்குக் கொடுத்த 18 படங்களில் அதுவும் ஒன்று.

லூவ்ரில் தொங்கும் 1834 ஆம் ஆண்டு ‘அல்ஜியேர்ஸ் பெண்கள்’ பெரிய ஓவியந்தான். ஆனால் தலைப்பில் ஒருத்தியின் பெயரும் இல்லையே! மொழிபெயர்ப்பாளர் வாயைப் பார்த்தபடி அகதி விசாரணையில் இருந்த எனக்கு, பென்சிமோல் வீட்டுப் படந்தான் பெரிசு.