ஊராட்சியும் தோட்டத்து எல்லையும்

மக்கள் கூடி வாழும் இடத்தில் நீர் வேண்டும், விளக்கு வேண்டும், கழிவு நாள்தோறும் அகற்றப்பட வேண்டும், பிணியுற்றார்க்கு மருந்தும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் வேண்டும். இவற்றைத் தரக் கடமைப்பட்டவர் யார், கேட்டுப் பெறும் உரிமையுடையார் யார் என்னும் இரண்டு வினாக்களுக்கும் காலந்தோறும் தரப்பட்ட விடைகளின் தொகுப்பே ஊராட்சியின் வரலாறாகும். கோலசிலாங்கூர் முதல் சுங்கை பெசார் வரையுள்ள வட சிலாங்கூரின் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கு அவ்விடை எவ்வாறு அமைந்தது என்பதை அறிதல் நம் மாணவர்க்குப் பயன் தரும்.

ஊராட்சி என்றவுடன் தமிழாசிரியர் நினைவுக்கு வருவது உத்தரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அவ்வூரின் குடவோலை முறையை விளக்குகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையார் பெயர்களை ஓலையிலெழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் எனப் பணிகள் பகுக்கப்பட்டன. பதவிக்காலம் 360 நாட்கள். முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர இயலாது. இவற்றை நாம் பெருமையுடன் கற்பிக்கிறோம்; அது தகும். ஆயினும் அதே கல்வெட்டிலுள்ள மற்றொரு விதியையும் மறைத்தலாகாது. குடவோலையில் பெயர் இடம்பெற, பொதுவாகக் கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் இருத்தல் வேண்டும். அது அந்தணர் சபை. வேதக் கல்வியும் தகுதிகளுள் ஒன்று. நிலமற்றோர்க்கு அங்கு இடமில்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்குப் பின் கடல் கடந்து வந்த தமிழ்த் தொழிலாளர்க்கும் இந்த 'சொந்த மனை' என்பதே தடையாக நின்றது.

மலாயாவில் ஆங்கிலேயர் ஆட்சியில் ஊராட்சி நகரங்களிலேயே தோன்றியது. பினாங்கில் 1801இல் வரி மதிப்பீட்டுக் குழு அமைந்தது. சிலாங்கூரில் 1890இல் கோலாலம்பூர்ச் சுகாதார வாரியம் நிறுவப்பட்டது. கடைத்தெரு, வடிகால், சந்தை, குப்பை அகற்றல் ஆகியவையே இத்தகைய அமைப்புகளின் கவலை. வீட்டுக்கும் கடைக்கும் வரி கட்டுவோர் வாழும் பட்டணத்தின் எல்லையோடு அவற்றின் கை நின்றது.

அவ்வெல்லைக்கு வெளியே வேறோர் உலகம் உருவாகிக்கொண்டிருந்தது. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1917இல் தென்னமராம் தோட்டத்தில் செம்பனையை வாணிக நோக்கில் பயிரிட்டார். நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. பெயரை ஒலிக்கும்போதே 'தென்னமரம்' என்னும் தமிழ்ச் சொல் நம் செவியில் விழுகின்றது. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணி முறையில் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து குடும்பங்கள் வந்து சேர்ந்தன.

தோட்டம் தனியார் நிலம். லயம், குடிநீர்ப் பீலி, ஆயாக் கொட்டகை, மருந்தகம், கோயில், கள்ளுக்கடை யாவும் துரையின் ஆணைக்குட்பட்டவை. இவற்றுள் சிலவற்றைத் தரும் பொறுப்பை அரசு சட்டத்தின் வழியே முதலாளிமேல் வைத்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம். தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல இச்சட்டத்தின் நிழலில் வளர்ந்தவை என்பதை மறத்தல் கூடாது. எனினும் ஊராட்சிக்குரிய பணிகளை முதலாளி செய்தாரேயன்றி, ஊராட்சி அங்கு இல்லை. குறை கூறும் வாயில் துரையின் அலுவலகம் ஒன்றே. வேலை போனால் வீடும் போயிற்று. வீட்டோடு பள்ளியும் மருந்தும் போயின.

இந்நிலையைத் தொழிலாளர் உணராமலில்லை. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் எழுந்து, சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தை ஊதியப் போராட்டம் என்று மட்டும் கருதுதல் பிழை. பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, நல்ல மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், வெள்ளையரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழித்தல் ஆகியனவும் கோரிக்கைகளாக இருந்தன. இவற்றுட் பல, பட்டணத்தார் தம் வாரியத்திடம் கேட்கக்கூடியவை. கேட்கும் மன்றம் இல்லாதோர் அவற்றை வேலைநிறுத்தமாகக் கேட்டனர். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். அவ்வாண்டு மே மாதம் படை வரவழைக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

1948இல் தொடங்கிய அவசரகாலம் மற்றொரு வேறுபாட்டை உண்டாக்கியது. காட்டோரம் வாழ்ந்த மக்கள், பெரும்பாலும் சீனர், புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டத் தொழிலாளர் தோட்டங்களுக்குள்ளேயே வேலிக்குள் ஒருங்கு சேர்க்கப்பட்டனர். இரு சாராரும் முள்வேலிக்குள் இருந்தனர். ஆனால் 1952ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் புதுக்கிராமங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் அமைய வழி வகுத்தது. தோட்டத்து வேலிக்குள் அத்தகைய மன்றம் தோன்றவில்லை. நிலம் தனியாருடையது என்பதே காரணம்.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் அயல்நாட்டு உடைமையாளர் பலர் தோட்டங்களை விற்க, அவை துண்டாடப்பட்டன. வேலையும் குடியிருப்பும் ஒருங்கே இழந்தோர் பலர். நிலமே அடிப்படை என்பதைக் கண்ட துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

ஊராட்சித் தேர்தல்களும் நெடுநாள் நீடிக்கவில்லை. இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட பகைமையைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் அவை நிறுத்தி வைக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே ஊராட்சி மன்றங்களின் செயற்பாட்டை ஆராய அரச ஆணையம் ஒன்று அமைந்தது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன், ஒரு தமிழர். 1968இல் நிறைவுற்ற அவ்வறிக்கை, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் மீண்டும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்து, உறுப்பினரை மாநில அரசே நியமிக்கச் செய்தது. சிறு மன்றங்கள் பல ஒன்றிணைந்து மாவட்ட மன்றங்களாயின. சுங்கை பெசார் இன்று சபாக் பெர்ணம் மாவட்ட மன்றத்தின்கீழ் உள்ளது. கோலசிலாங்கூர் மாவட்ட மன்றம் 2021இல் நகராண்மைக் கழகமாக உயர்ந்தது.

மன்றத்தின் எல்லை விரிந்தபோதும் தோட்டத்து லயங்களின் வசதி முதலாளியின் பொறுப்பாகவே தொடர்ந்தது. 1966ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் தொழிலாளர் வீட்டுவசதியின் குறைந்த அளவை வரையறுத்தன. அளவு வரையறுக்கப்பட்டது நன்மையே. ஆனால் சட்டம் கூறும் அளவுக்குக் கீழே லயம் இருந்தால், முதலாளியின் வீட்டில் குடியிருந்துகொண்டே அவர்மேல் முறையிடத் துணிவோர் எத்தனை பேர்? உரிமை ஏட்டிலிருந்து வீட்டு வாயிலை அடைவதற்கு இடையே இத்தயக்கம் நின்றது.

தோட்டத்தை விட்டுப் பட்டணங்களின் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் இன்று மதிப்பீட்டு வரி செலுத்துகின்றன. தாத்தா துரையிடம் கேட்டதைப் பேரன் மன்றத்திடம் கேட்க உரிமை பெற்றுள்ளான். ஆயினும் கேட்கும் வழக்கம் ஒரே தலைமுறையில் வந்துவிடுவதில்லை. வடிகால் அடைத்துக்கொண்டால் அறிந்த அரசியல்வாதியைத் தேடுகிறோம். மன்றத்திற்கு ஒரு கடிதம் எழுதுவதில்லை. துரையின் அலுவலக வாயிலில் காத்து நின்ற பழக்கம் இன்னும் நம்மைவிட்டு முற்றும் நீங்கவில்லை.

1976ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே நமக்குரிய வாயில்கள் சில உள்ளன. மன்ற உறுப்பினருட் பெரும்பான்மையோர் அவ்வட்டாரத்தில் வாழ்பவராய் இருத்தல் வேண்டும். தம் சமூகத்தின் நலனை எடுத்துரைக்க வல்லாரும் நியமனத்திற்குத் தகுதியுடையர். மன்றம் வேறாகத் தீர்மானித்தாலன்றி, அதன் கூட்டங்கள் பொதுமக்கள் காணத் திறந்தவை. எத்தனை தமிழாசிரியர்கள் ஒருமுறையேனும் அக்கூட்டத்தில் அமர்ந்து கேட்டிருப்பர்? உத்தரமேரூரைத் தேர்வுக்கென மனனம் செய்விக்கும் வகுப்பில், தம் வட்டாரத்து மன்றத்தின் பெயரையும், அதன் பணிகளையும், அதற்கு விண்ணப்பம் எழுதும் முறையையும் சேர்த்துக் கற்பித்தால் கடிதப் பயிற்சியும் குடிமைப் பயிற்சியும் ஒருங்கே கைகூடும்.

அதனோடு மற்றொரு கடமையும் உண்டு. இன்று தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வேலை செய்கின்றனர். சொந்த மனையின்றி, கேட்கும் மன்றமின்றி, நேற்று நம் முன்னோர் நின்ற இடத்தில் அவர்கள் நிற்கின்றனர். அவர்தம் குடியிருப்பில் நல்ல நீர் வருகின்றதா என்று வினவும் மனம் நம் மாணவரிடம் வளருமாயின், வட சிலாங்கூர்த் தோட்டங்களின் வரலாறு அவர்களுக்கு உண்மையில் விளங்கிற்று எனக் கொள்ளலாம்.